விட்டுப்போன பைலட் லைசென்ஸை மீட்பது: ராமநாதபுரம் கரையில் இருப்பவர்களுக்கு

பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்துவிட்டு, வேலை, குடும்பம், வெளிநாடு என்று எட்டுப் பத்து வருடம் விமானப் பக்கமே போகாமல் இருந்தவர்கள் கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் ராமேசுவரத்திலும் இருக்கிறார்கள். லைசென்ஸ் காலாவதியானதால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பறந்த கணக்கை எழுதும் லாக்புக்கில் ஏறிய மணி நேரம் அழியாது. மறுபடி தொடங்குகிறவரைத் தடுமாற வைப்பவை இரண்டு. முதலாவது, காகிதங்களின் தேதிகள். மெடிக்கல், ஆங்கிலத் தகுதி, சமீபத்திய பறப்பு, தேர்வு அதிகாரியோடு பறக்கும் சோதனை என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கெடுவோடு ஓடுகிறது. ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது மற்றொன்று காலாவதியாகும். இரண்டாவது, கை. தலைக்கு நினைவிருப்பது கைக்கு நினைவிருக்காது. இந்த இரண்டையும் எந்த வரிசையில் சரிசெய்வது என்பதுதான் இங்கே விஷயம்.

வரிசையை முதலில் சொல்லிவிடுகிறோம். பழைய காகிதங்களைத் திரட்டுவதும் பெயர்த் திருத்தமும் முதலில். அடுத்து மெடிக்கல். மெடிக்கல் கையில் வந்த பிறகு படிப்பும் ரேடியோவும். பறப்பை விட்டு விட்டுச் செய்யாமல் ஒரே மூச்சில் செய்யுங்கள். சோதனைப் பறப்பு கடைசியில். அது முடிந்த வாரமே விண்ணப்பம். பலரும் உற்சாகத்தில் நேரே பறக்கும் பள்ளிக்குப் போய்ப் பணம் கட்டிவிடுகிறார்கள். பிறகு மெடிக்கலில் ஒரு குறை கிளம்பி மூன்று மாதம் இழுக்கும். அதற்குள் பறந்த மணி நேரத்தின் பலன் கையை விட்டுப் போயிருக்கும், செலவு இரட்டிப்பாகும்.

<b>பெட்டியைத் திறந்ததும்</b>

லைசென்ஸ், லாக்புக், கடைசி மெடிக்கல் சான்று, ரேடியோ லைசென்ஸ், பழைய தேர்வு முடிவுகள், பறந்த விமான வகைகளின் விவரம், டிஜிசிஏ (இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கொடுத்த கம்ப்யூட்டர் நம்பர். இவ்வளவும் வேண்டும். உப்புக்காற்றில் இருந்த லாக்புக் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். விசிறிக் காற்றில் ஓரிரு நாள் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். மை வெளிறிய இடத்தில் மேலே பேனாவால் எழுதக் கூடாது, திருத்தியதாகத்தான் பார்ப்பார்கள்.

லாக்புக்கே தொலைந்துவிட்டால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான பதிவு போட்டு அந்தச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, பயிற்சி எடுத்த பள்ளிக்கு எழுதி, அவர்களுடைய பறப்புப் பதிவேட்டிலிருந்து நீங்கள் பறந்த தேதி, விமானப் பதிவெண், நேரம் ஆகியவற்றைச் சான்றொப்பத்துடன் கேளுங்கள். பள்ளி மூடப்பட்டிருந்தால், லைசென்ஸ் வாங்கியபோது கொடுத்த விண்ணப்பத்தின் நகல்தான் அடுத்த நல்ல சான்று. அதில் அன்று வரையிலான மணிக்கணக்கு இருக்கும்.

அடுத்தது பெயர். இந்தப் பகுதியில் இதனால் தேங்கும் விண்ணப்பங்கள் ஏராளம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் விரித்து முன்னால், ஆதாரில் வேறு ஒரு விதம். முகம்மது, செய்யது, சேக் போன்ற பெயர்களுக்கு ஆங்கில எழுத்து ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கும். டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளம் 2021-இல் வந்தது. அதற்கு முன் லைசென்ஸ் வாங்கியவர்களுடைய பெயர் பழைய கோப்பில் ஒரு விதமாகவும் புதிதாகத் தொடங்கும் கணக்கில் வேறு விதமாகவும் நின்றுவிடும். கணக்குத் தொடங்கும் முன்பே பத்தாம் வகுப்புச் சான்று, பாஸ்போர்ட், ஆதார், லைசென்ஸ் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு சிறிதென்றால் ஆதாரைத் திருத்துவது சுலபம். பெரிதென்றால் அரசிதழில் பெயர் வெளியிட்டு அந்தப் பக்கத்தை எல்லா விண்ணப்பத்தோடும் இணைப்பதே நிம்மதி. பதிவு செய்த கைப்பேசி எண் பழைய வளைகுடா எண்ணாக இருந்தால் ஓடிபி அங்கேதான் போகும். அதையும் முதலிலேயே மாற்றுங்கள்.

<b>எந்த நாட்டு லைசென்ஸ்?</b>

வெளிநாட்டில் எடுத்தவர்கள் இதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதியே கிடையாது. ஆனால் 2010 மார்ச் 31-க்குப் பிறகு பழைய காகிதச் சான்றிதழைக் கொண்டு பறக்க முடியாது, பிளாஸ்டிக் அட்டை வேண்டும். மறுபடி பறக்க, கடந்த 24 மாதங்களுக்குள் பயிற்றுநருடன் ஃபிளைட் ரிவ்யூ முடித்திருக்க வேண்டும்: குறைந்தது 1 மணி நேரம் தரையில் கேள்வி பதில், 1 மணி நேரம் வானில். அமெரிக்காவுக்கு வெளியே மட்டும் முகவரி உள்ளவர்கள் அந்நாட்டில் அரசுக் கடிதங்களைப் பெற்றுக்கொள்ள ஒரு முகவரை நியமித்திருக்க வேண்டும். பழைய சான்றிதழ்காரர்களுக்கு 2025 ஜூலை 7 முதல் இது கட்டாயம். ராமநாதபுரம் முகவரி கொடுத்திருந்தால் இதைச் செய்யாமல் பறக்கக் கூடாது.

பிரிட்டனில் எடுத்தவர்களுக்கு லைசென்ஸ் ஆயுளுக்கும் இருக்கும், அதிலுள்ள ஒற்றை இன்ஜின் ரேட்டிங்தான் (அந்த வகை விமானத்துக்கான அனுமதி) 2 வருடத்தில் முடியும். ரேட்டிங் உயிரோடு இருக்கும்போது மணிக்கணக்கைக் காட்டி நீட்டிக்கலாம். முடிந்துவிட்டால் அந்த வழி அடைபடும், தேர்வு அதிகாரியுடன் சோதனைப் பறப்பு கட்டாயம்.

இவை எதுவும் இந்தியப் பதிவெண் கொண்ட, அதாவது விடி என்று தொடங்கும் விமானத்தை ஓட்ட உதவாது. அதற்கு டிஜிசிஏ உரிமம் வேண்டும். வெளிநாட்டு உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றுவது புதுப்பித்தலிலிருந்து வேறான நடைமுறை. இனி வருவது இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. பறக்கும் பகுதி எல்லோருக்கும் பொது.

<b>மெடிக்கல்</b>

பிரைவேட் லைசென்ஸுக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவத் தகுதி. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கிறது, அதிலுள்ளவரிடம்தான் செய்ய முடியும். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர், இசிஜி, மார்பு எக்ஸ்ரே, காது, கண், நிறப்பார்வை எல்லாம் பார்ப்பார்கள். சர்வதேச சிவில் விமான அமைப்பின் இரண்டாம் வகுப்பு அளவுகோலில் தூரப்பார்வை கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணுக்கும் 6/12, இரண்டும் சேர்ந்து 6/9 இருக்க வேண்டும். கண்ணாடி போட்டுத் தேறினால் பறக்கும்போது இன்னொரு கண்ணாடியும் உடன் இருக்க வேண்டும். வயது ஏற ஏற மெடிக்கலின் ஆயுள் குறையும். இருபத்தைந்து வயதில் வாங்கியவர் நாற்பத்தைந்தில் திரும்பும்போது பழைய இடைவெளியை நம்பக் கூடாது, புதுச் சான்றில் அச்சிட்ட தேதியே கணக்கு.

நாற்பதைத் தாண்டித் திரும்புகிறவர்களுக்கு வரும் வழக்கமான தடை சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். ஆகவே மருத்துவரிடம் போவதற்கு இரண்டு மாதம் முன்பே ஊரில் உங்கள் வழக்கமான டாக்டரிடம் எல்லாச் சோதனையும் செய்து பாருங்கள். ஹெச்பிஏ1சி அறிக்கையும், வீட்டில் காலை மாலை எடுத்த ரத்த அழுத்தக் குறிப்பும் ஒரு மாதத்துக்கு இருந்தால் பேச்சு எளிதாகும். சோதனைக்கு முந்தின இரவை ரயில் பயணத்தில் கழித்துவிட்டு, இறங்கிய கையோடு இரண்டு டீ குடித்துவிட்டு உட்கார்ந்தால் அழுத்தம் ஏறித்தான் நிற்கும். முதல் நாளே போய்த் தங்குங்கள்.

எதையும் மறைக்காதீர்கள். கண்ணில் லேசர் செய்திருந்தால் அறுவை சிகிச்சைத் தாள், பழைய எலும்பு முறிவு, ஆஸ்துமா, சித்த மருந்து உட்பட உட்கொள்ளும் எல்லா மருந்தும் சொல்ல வேண்டும். பழைய மெடிக்கல் கோப்பு அவர்களிடம் இருக்கிறது, அன்று சொன்னதும் இன்று சொல்வதும் பொருந்த வேண்டும். தற்காலிகமாகத் தகுதியில்லை என்று வந்தாலும் அது முடிவல்ல. குறையைச் சரிசெய்து மறுபரிசோதனைக்குப் போகலாம். மறைத்தது தெரியவந்தால் அது வேறு கதை.

<b>படிப்பும் ரேடியோவும்</b>

பழைய புத்தகத்தை அப்படியே எடுத்துப் படிக்காதீர்கள். அதில் விமானச் சட்டம் 1934 என்று இருக்கும். அதற்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் 2024 என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது. லைசென்ஸ் இப்போது மின்னணு வடிவில் இ-ஜிசிஏ செயலியிலேயே வருகிறது. காலநிலை, நேவிகேஷன் அடிப்படைகள் மாறவில்லை, விதிகளும் நடைமுறையும்தான் மாறியிருக்கின்றன. எனவே நேரத்தில் பாதியை விதிகளுக்குக் கொடுங்கள். டிஜிசிஏ விதித்தொகுப்பில் பிரிவு 7 லைசென்ஸ் பற்றியது. அதன் இன்றைய பிரதியை இறக்கி, எத்தனை காலம் விட்டுப்போனால் என்னென்ன மறுபடி எழுத வேண்டும், எத்தனை மணி நேரம் காட்ட வேண்டும் என்பதை உங்கள் கடைசித் தேதியோடு பொருத்திப் படியுங்கள். பறக்கும் பள்ளியின் தலைமைப் பயிற்றுநரிடம் அதை மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வாய்ப் பேச்சாக மட்டும் விடாதீர்கள்.

கண் பழக வேண்டிய எண்கள் சில: 10,000 அடிக்குக் கீழே விஎஃப்ஆர் (கண்ணால் பார்த்துப் பறக்கும்) பறப்புக்கு 5 கி.மீ. பார்வைத்தூரம், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி. சூரிய அஸ்தமனத்துக்கு 20 நிமிடம் பின்னிருந்து உதயத்துக்கு 20 நிமிடம் முன்வரை விஎஃப்ஆர் பறப்பு கிடையாது. கட்டுப்பாட்டு ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் வைக்கும் எண்கள்: அவசரத்துக்கு 7700, ரேடியோ போனால் 7600, கடத்தலுக்கு 7500. ரேடியோவில் அவசர அலைவரிசை 121.5.

ரேடியோதான் எல்லோருக்கும் முதலில் துருப்பிடிப்பது. கோபுரத்தில் இருப்பவர் வேகமாக நான்கு தகவல் சொன்னால் இரண்டு மறந்துவிடும். மதுரை, தூத்துக்குடி, திருச்சி மூன்றின் மெட்டார் (விமான நிலைய வானிலை) அறிக்கையையும் தினமும் காலையில் எடுத்து வாய்விட்டுப் படியுங்கள்: காற்றுத் திசை, வேகம், பார்வைத்தூரம், வெப்பம், கியூஎன்எச் (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த எண்). பிறகு யாரையாவது ஒரு கிளியரன்ஸை (கோபுரம் தரும் அனுமதியை) வாசிக்கச் சொல்லி அதைத் திருப்பிச் சொல்லிப் பழகுங்கள். ஓடுபாதை எண், கியூஎன்எச், உயரம், டிரான்ஸ்பாண்டர் எண் இவை கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டியவை. ஆங்கிலத் தகுதி நான்காம் நிலை என்றால் 3 வருடம், ஐந்தாம் நிலை என்றால் 6 வருடம், ஆறாம் நிலைக்குக் கெடு இல்லை. நான்காம் நிலைக்காரர்களுக்கு இது நிச்சயம் முடிந்திருக்கும். ரேடியோ லைசென்ஸின் தேதியையும் அதோடு சேர்த்துப் பாருங்கள்.

வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் வைத்திருந்தால் செக்லிஸ்ட், கருவிகளைப் பார்க்கும் ஒழுங்கு, வழிகண்டறிதல் இவற்றுக்கு அது நல்லது. லேண்டிங்குக்கு அதை நம்பாதீர்கள். தரை எழும்பி வருவதைக் கண்ணோரத்தில் உணர்வதுதான் லேண்டிங், அது திரையில் கிடைக்காது.

<b>கை திரும்புவது</b>

இந்தக் கரையில் பறக்கும் பள்ளி கிடையாது. எங்கே போனாலும் தங்கிப் பறக்கத்தான் வேண்டும். பயிற்றுநர்கள் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு: விட்டுப்போன வருடம் ஒன்றுக்கு பயிற்றுநருடன் ஒரு மணி நேர இரட்டைப் பறப்பு. பத்து வருடம் விட்டவர் பத்து மணி நேரத்துக்குத் தயாராகப் போனால் ஏமாற்றம் இருக்காது. அதை வாரம் ஒரு மணி நேரமாகப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் பாதி நேரம் போன வாரத்தை மீட்பதிலேயே போகும். பத்துப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து, நாளுக்கு ஒரு பறப்பு, முடிந்தால் காலையில். அதுதான் சிக்கனம்.

விமானம் மாறியிருக்கலாம். நீங்கள் பழகியது செஸ்னா 152 என்றால் அதில் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட் நெம்புகோல் இருக்கும். செஸ்னா 172எஸ்-இல் எரிபொருள் இன்ஜெக்ஷன் என்பதால் அந்த நெம்புகோலே இருக்காது. டைமண்ட் டிஏ40 டீசல் வகையில் மிக்ஸ்சரும் (எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றுவது) இல்லை, இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலுக்கு ஒற்றை நெம்புகோல்தான், ஊற்றுவதும் ஜெட் எரிபொருள். பழைய கை வழக்கம் இல்லாத நெம்புகோலைத் தேடும். அந்த இரண்டு நொடியில் கவனம் சிதறும். இன்ஜினை இயக்காமல் காக்பிட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பழகுங்கள்.

152 ஓட்டுகிறவர்களுக்குக் கார்புரேட்டர் பனி பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வெயிலில் எங்கே பனி உறையும் என்று தோன்றும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது காற்று பெருமளவு குளிர்ந்துவிடும். கடலோர ஈரக்காற்றில், 30 டிகிரிக்கு மேலும்கூட, திராட்டிலைக் குறைத்து இறங்கும்போது உறையலாம். ஆர்பிஎம் காரணமில்லாமல் மெல்லச் சரிந்தால் அதுதான் அறிகுறி. ஹீட்டை முழுவதும் இழுங்கள், பாதியாக வேண்டாம். பனி உருகும்போது இன்ஜின் சற்று முரண்டு பிடிக்கும். பயந்து திரும்பத் தள்ளிவிடாதீர்கள்.

வெளிச்சோதனையில் எரிபொருள் வடிப்பதைச் சடங்காகச் செய்யாதீர்கள். ஈரப்பதம் மிகுந்த கரையில் பாதி காலியான டேங்கில் இரவு குளிரும்போது நீர் கட்டும். 172எஸ்-இல் ஒவ்வொரு இறக்கையிலும் 5, மூக்குப் பகுதியில் 3, ஆக 13 இடத்தில் வடிக்க வேண்டும். குப்பியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள்: 100எல்எல் விமானப் பெட்ரோல் வெளிர் நீலமாக இருக்கும், தண்ணீர் இருந்தால் குமிழாக அடியில் உருளும். குப்பி முழுவதும் ஒரே நிறத்தில் நிறமற்று இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், மொத்தமும் தண்ணீராக இருக்கலாம். மணத்தைப் பாருங்கள்.

முதல் இரண்டு பறப்புகளில் லேண்டிங்கைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 3,000 அடியில் நேராகவும் மட்டமாகவும் பறப்பது, திருப்பம், ஏற்றம், இறக்கம், மெதுவாகப் பறப்பது, பிறகு ஸ்டால், அதாவது வேகம் குறைந்து இறக்கை தாங்கும் விசையை இழப்பது. ஸ்டாலில் பழைய பயம் திரும்பியிருக்கும். மூக்கு கீழே போகும்போது யோக்கை (கையில் பிடித்து ஓட்டும் கட்டுப்பாட்டை) இழுப்பதுதான் இயல்பான கை. அதை மாற்றித் தள்ளும் வரை மறுபடி மறுபடி செய்யுங்கள். சாய்வு கூடினால் ஸ்டால் வேகமும் கூடும்: 30 டிகிரியில் 7 சதவீதம், 45-இல் 19, 60-இல் 41. ஃபைனலுக்கு (ஓடுபாதைக்கு நேரான கடைசிப் பாதைக்கு) திரும்பும்போது ஓடுபாதையைத் தாண்டிவிட்டோமே என்று அதிகமாகச் சாய்த்து ரடரையும் (வால் சுக்கானையும்) மிதிப்பது, அந்தக் குறைந்த உயரத்தில் மீள முடியாத தவறு. தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள், சுற்றி மறுபடி வாருங்கள்.

பிறகு சர்க்யூட், அதாவது ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சி. திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றே: பயத்தில் வேகமாக வருவது. 172எஸ்-ஐ 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகத்தில் கொண்டுவர வேண்டிய இடத்தில் பாதுகாப்புக்காக ஐந்து, பயிற்றுநர் பக்கத்தில் இருப்பதால் இன்னும் இரண்டு என்று 72-இல் வருவார்கள். வேகம் 10 சதவீதம் கூடினால் நிற்கத் தேவையான தூரம் 21 சதவீதம் கூடும். அது தரை இறங்காமல் ஓடுபாதை மேலேயே மிதக்கும். மிதக்கிறதே என்று அழுத்தினால் மூக்குச் சக்கரம் முதலில் தட்டித் துள்ளும்.

அந்தக் கடைசி சில நொடிகளைக் கிட்டத்தில் பார்ப்போம். ஓடுபாதையின் எண் கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மேலே போனால் குறைந்து விழப்போகிறீர்கள், கீழே போனால் தாண்டப் போகிறீர்கள். எண்ணுக்கு மேலே வந்ததும் பார்வையை ஓடுபாதையின் கோடிக்கு மாற்றுங்கள். மூக்குக்கு முன்னால் தரையைப் பார்த்தால் உயரம் தெரியாது. பத்துப் பதினைந்து அடி உயரத்தில் திராட்டிலை முழுவதும் குறைத்து, மூக்கை மெல்ல உயர்த்தி, இறங்க விடாமல் பிடித்துக்கொண்டே இருங்கள். வேகம் குறையக் குறையக் கை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பின்னால் வரும். ஸ்டால் எச்சரிக்கை முனக ஆரம்பிக்கும்போது பின்சக்கரங்கள் தொடும். தொட்டதும் யோக்கை விட்டுவிடாதீர்கள், மூக்குச் சக்கரம் தானாக இறங்கட்டும். துள்ளினால் தள்ளக் கூடாது. சிறு துள்ளல் என்றால் பிடித்து நிறுத்துங்கள். பெரிது என்றால் முழு திராட்டில், ஃபிளாப்பை (இறக்கையின் பின்புற மடலை) 20 டிகிரிக்கு எடுத்து, ஏறத் தொடங்கியதும் மீதியை எடுங்கள். இப்படி இறங்காமல் மறுபடி ஏறும் கோ-அரவுண்ட் தோல்வியல்ல. தேர்வு அதிகாரி அதைப் பார்த்து மதிப்பெண் குறைப்பதில்லை, கெட்டுப்போன இறக்கத்தை விடாமல் தொடர்வதைத்தான் குறைப்பார்.

<b>கச்சான், வாடை, உப்புத் தரை</b>

நம் மீனவர்கள் காற்றைப் பெயர் சொல்லியே பேசுவார்கள்: வடக்கே இருந்து வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கும் தென்மேற்குமாக வருவது கச்சான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் வேகமாக, விட்டு விட்டு வீசும். மதுரை, திருச்சி இரண்டிலும் ஓடுபாதை 09/27, தூத்துக்குடியில் 10/28. கச்சான் 230 டிகிரியிலிருந்து 20 நாட் என்றால் 270 டிகிரியை நோக்கும் 27-ஆம் ஓடுபாதைக்கு 40 டிகிரி வித்தியாசம், குறுக்குக் காற்று 13 நாட் வரும். செஸ்னா 152-இல் சோதித்துக் காட்டிய குறுக்குக் காற்று 12 நாட், 172எஸ்-இல் 15. மனக்கணக்குக்கு: 30 டிகிரி என்றால் காற்றில் பாதி, 45 என்றால் முக்கால், 60-க்கு மேல் முழுவதும். திரும்பிவந்த முதல் மாதங்களில் உங்களுக்கென்று 7 நாட் எல்லை வைத்து, பயிற்றுநருடன் மட்டும் அதைத் தாண்டுங்கள். பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தும் காற்று மணிக்கு 58 கி.மீ., அதாவது 31 நாட். நம்மை நிறுத்த அதில் பாதிகூடத் தேவையில்லை.

கோடையில் காற்று காலையில் தூங்கும். பத்தரை, பதினொரு மணிக்குக் கடற்காற்று எழும்பும், பிற்பகலில் உச்சம். ஆகவே கரையோரம் போவதானால் விடிந்ததும் கிளம்பிப் பத்துக்குள் திரும்புவது நல்லது. வெயிலையும் மறக்கக் கூடாது. கடல் மட்டத்தில் 38 டிகிரி என்றால் விமானத்துக்கு அது ஏறக்குறைய 2,700 அடி உயரத்தில் இருப்பது போல. ஓட்டம் நீளும், ஏற்றம் குறையும். இரண்டு பெரியவர்கள், முழு டேங்க், 152 மூன்றும் சேர்ந்தால் 1,670 பவுண்ட் எல்லையைத் தாண்டிவிடும். பத்து வருடத்தில் ஏறிய உங்கள் எடையையும் கணக்கில் போடுங்கள்.

வடகடல், தென்கடல் இரண்டிலும் வெயில் காலப் புகைமூட்டத்தில் கடலும் வானமும் ஒரே சாம்பலாகிவிடும், தொடுவானமே தெரியாது. கரைக்கோட்டை விட்டுக் கடல் பக்கம் திரும்பியதும் சாய்வு தெரியாமல் போகும். உடனே கருவிக்குக் கண்ணைக் கொண்டுவந்து, கரை தெரியும் பக்கமாகத் திரும்புங்கள். 172 ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை கடல் மைல் சறுக்கும். 3,000 அடியில் பறந்தால் கரையிலிருந்து நாலரை மைலுக்கு அப்பால் இன்ஜின் நின்றால் தண்ணீர்தான். லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே ஏறுங்கள், ஆனால் உள்ளே இருக்கும்போது ஊதவிடக் கூடாது, கதவு வழியே வெளியேற முடியாமல் மேலே தள்ளும். நீரில் இறங்க நேர்ந்தால் அலைமுகட்டுக்கு இணையாக, நீரைத் தொடும் முன்பே கதவைத் திறந்து வைத்து, முடிந்தவரை மெதுவாக, படகுகள் இருக்கும் பக்கம்.

தரையில் இறங்குவதானால் எது இடம்? மேலிருந்து பார்க்க வாலிநோக்கம் உப்பளங்கள் அழகான மைதானம்போலத் தெரியும். நம்பாதீர்கள், சில அடிக்கு ஒரு வரப்பு. சீமைக்கருவேலக் காடும் பனையும் வேண்டாம். கோடையில் வறண்டு வெடித்த கண்மாய்த் தரை நல்லது. அது இல்லாவிட்டால் கடற்கரையில் அலை நனைத்த இறுகிய மணல், உலர்ந்த மணல் சக்கரத்தைப் புதைக்கும். மழைக்குப் பின் அதே கண்மாய்களில் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை எல்லாம் சரணாலயங்கள். அந்த மாதங்களில் அவற்றின் மேலே தாழப் பறக்காதீர்கள்.

வான்வெளியில் இது பாதுகாப்புக் கெடுபிடி உள்ள இடம். உச்சிப்புளியில் 2009 முதல் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளம் இயங்குகிறது. கிழக்கே சற்றுத் தூரத்தில் கொழும்பு வான்தகவல் பகுதி தொடங்குகிறது. பறப்புத் திட்டம் கொடுத்து எஃப்ஐசி (பறப்புத் தகவல் மையம்), ஏடிசி எண்கள் இரண்டையும் வாங்காமல் மதுரையிலிருந்து பாம்பனைப் பார்க்கக் கிளம்புவது நினைத்தும் பார்க்கக் கூடாதது. இங்கே ஏடிசி என்பது கட்டுப்பாட்டுக் கோபுரமல்ல, வான்பாதுகாப்பு அனுமதி. நோட்டாமை (விமானிகளுக்கான அறிவிப்பை) புறப்படும் நாள் காலையிலேயே பாருங்கள். இந்தக் கரைக்கு நேற்று இல்லாத தடை இன்று இருக்கும்.

<b>சோதனையும் விண்ணப்பமும்</b>

தேர்வு அதிகாரியுடன் பறக்கும் நாளில் எடை, சமநிலை, எரிபொருள், காற்று, ஓடுபாதை நீளம் எல்லாம் கையால் கணக்கிட்ட தாள் ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும். வானில் இன்ஜின் நின்றதாக அவர் திராட்டிலைக் குறைப்பார். முதலில் வேகம்: 172எஸ்-க்கு 68, 152-க்கு 60 நாட். அடுத்து இடம். அதற்குப் பிறகுதான் எரிபொருள் வால்வு, மிக்ஸ்சர், தீப்பொறி தரும் மேக்னெட்டோ. ரேடியோ கடைசி. பலரும் முதலில் ரேடியோவில் பேசத் தொடங்கி, பேசி முடிப்பதற்குள் 500 அடி இழந்துவிடுகிறார்கள்.

சோதனை அறிக்கையில் தேதி, விமான வகை, பதிவெண், தேர்வு அதிகாரியின் லைசென்ஸ் எண், கையொப்பம் அத்தனையும் சரியா என்று அங்கேயே பாருங்கள். லாக்புக்கில் அதே பறப்பு அதே நேரத்தோடு இருக்க வேண்டும். இரண்டிலும் 5 நிமிட வித்தியாசம் இருந்தாலும் கேள்வி வரும். ஊருக்குத் திரும்பும் முன்பே தலைமைப் பயிற்றுநரின் சான்றொப்பத்தையும் வாங்கிவிடுங்கள். ஒரு கையெழுத்துக்காக மறுபடி ஐந்நூறு கி.மீ. போக வேண்டாம். பிறகு இ-ஜிசிஏ-வில் விண்ணப்பம், பாரத்கோஷ் (மத்திய அரசின் கட்டணத் தளம்) வழியாகக் கட்டணம், ரசீது. குறை சுட்டி விண்ணப்பம் திரும்பினால் அதிலேயே திருத்தி அனுப்புங்கள். புதிதாக ஒன்று போட்டால் இரண்டும் தேங்கும்.

லைசென்ஸ் வந்த அன்று யாரையும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கடந்த 90 நாளில் 3 டேக்-ஆஃபும் 3 லேண்டிங்கும் நீங்களே செய்திருந்தால்தான் பயணியை ஏற்ற முடியும். சோதனைக்கும் லைசென்ஸ் வருவதற்கும் இடையில் நாள் ஓடியிருக்கும் என்பதால் இதைத் தனியாகக் கணக்கிடுங்கள். முதலில் தனியாக நான்கைந்து சர்க்யூட். அடுத்து பயிற்றுநருடன் குறுக்குக் காற்றில் ஒரு காலை. அதற்குப் பிறகு வீட்டாரில் ஒருவர், 20 நிமிடம், காற்று எழும்பும் முன்.